குமரியில் ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

ஆர்க்கிட்டை மண்ணில் நடாதீர்கள். என் முதல் ஆர்க்கிட்டான டென்ட்ரோபியத்தைச் செம்மண்ணும் மாட்டுச்சாணமும் கலந்து, ரோஜாவுக்குச் செய்வதுபோலவே செய்து, ஒரு ஆனி மாதத்தில் நட்டேன். ஆடி முடிவதற்குள் அடித்தண்டு பழுப்பாகி, தொட்டதும் கையோடு கழன்று வந்துவிட்டது. தண்ணீருக்கோ உரத்துக்கோ குறைவே இல்லை, வேருக்குக் காற்றுதான் கிடைக்கவில்லை. அந்தச் செடி போன விதம் புரிந்த பிறகுதான் மற்ற எல்லாமே எனக்குப் புரிந்தது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாம் வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழும் இனங்களிலிருந்து வந்தவை. வேர் வெளியே காற்றில் இருக்கும், மழை பெய்தால் சொட்டச் சொட்ட நனையும், மழை விட்டதும் காற்றடித்துக் காய்ந்துவிடும். வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கிறது, வெலமென் என்று பெயர். தண்ணீர் பட்டதும் அது சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது வேர் வெள்ளிபோல வெளுத்துத் தெரியும், நனைந்ததும் பச்சையாகும். இந்த நிறமாற்றத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மண்ணில் புதைத்தால் அந்தப் பஞ்சு காயவே காயாது, பிறகு அழுகத்தான் செய்யும்.

இன்னொன்று, வீட்டில் பெரியவர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள்: "மாமரத்தில கட்டுனா மரத்தைத் தின்னுராதா மக்கா?" தின்னாது. மரத்தின் சாற்றை உறிஞ்சுவது புல்லுருவி. ஆர்க்கிட்டுக்கு மரம் வெறும் பிடிமானம், சாப்பாடு மழையிலும் தூசியிலும் மக்கிய இலையிலும் இருந்து வருகிறது.

உங்கள் வீடு மாவட்டத்தின் எந்தப் பக்கம்?

வேறு ஊர்க்காரர்கள் சொல்லும் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், தொடங்கும் தென்மேற்கு மழை, அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஈரம் அதிகம். குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் வீடு இருந்தால் ஆனி, ஆடியில் துணிகூடக் காயாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் கதையே வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது, அந்தக் காற்றில் செடி என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி மாதிரிக் கடலோரம் என்றால் உப்புக்காற்றும் சேரும்.

இதை நான் ஒரே செடியில் பார்த்தேன். மார்த்தாண்டம் பக்கத்தில் என் வீட்டில் இருந்த ஒரு டென்ட்ரோபியத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஆரல்வாய்மொழியில் இருக்கும் அக்காவுக்குக் கொடுத்தேன். சட்டி ஒன்றுபோல, அதற்குள் போட்ட கரி ஒன்றுபோல, இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்று சொல்லியும் கொடுத்தேன். ஆடி மாதத்தில் என் பாதியில் குருத்து அழுகத் தொடங்கியது. அதே வாரம் அக்கா போனில், "தண்டெல்லாம் சுருங்கி இஞ்சி மாதிரி கிடக்குடே" என்றாள். நான் சொல்லிக்கொடுத்த அந்த ஒரே கணக்கு இரண்டு இடத்திலும் தப்பு. அதனால்தான் "வாரத்துக்கு இத்தனை முறை ஊற்று" என்று கீழே எங்கேயும் எழுதப்போவதில்லை.

எதை முதலில் வாங்குவது

கண்ணை மூடிக்கொண்டு டென்ட்ரோபியம் கலப்பினம் வாங்குங்கள். வெயிலைத் தாங்கும், நம் வெப்பம் அதற்குப் பிடிக்கும், வெள்ளை, ஊதா, இரண்டும் கலந்தது என்று நிறம் நிறையக் கிடைக்கும். நன்றாக வளர்ந்த செடியில் ஒரு பூங்கொத்து ஒன்றரை மாதம், சில சமயம் அதற்கு மேலும் நிற்கும். கல்யாண மேடை அலங்காரத்தில் நீங்கள் பார்க்கும் ஊதா ஆர்க்கிட்டும் அநேகமாக இதுதான்.

அடுத்து வாண்டாவும் மொகாராவும். மொகாரா நல்ல வெயிலும் நீளமாக வளர இடமும் கேட்கும். பென்சில்போல உருண்ட இலை உள்ள வாண்டாவுக்கு நேர் வெயிலே வேண்டும், நிழலில் வைத்தால் இலை மட்டும்தான் வரும். சிங்கப்பூர் 1981-இல் தேசிய மலராக அறிவித்த 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' இந்த வகைதான். பட்டை இலை வாண்டா மரக்கூடையில் ஒன்றும் நிரப்பாமல் வேரைத் தொங்கவிட்டு வளர்க்கிற செடி, தினமும் நனைக்க ஆள் வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு நான்கு நாள் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவராது. மஞ்சளாகச் சிறு பூ நிறையப் பூக்கும் ஆன்சிடியமும் நம் பக்கம் நன்றாக வரும். கேட்லியா அழகானதுதான், ஆனால் இரண்டு வருடம் கை பழகிய பிறகு வாங்குங்கள்.

எல்லோரையும் மயக்குவது ஃபெலனாப்சிஸ், பட்டாம்பூச்சி மாதிரிப் பெரிய பூ. பரிசாகக் கொடுப்பதும் பெரும்பாலும் அதைத்தான். வாங்கின பூ இரண்டு மூன்று மாதம்கூட இருக்கும், அதில் குறையே இல்லை. பிரச்சினை அதற்குப் பிறகு. மறுபடி பூங்காம்பு விட அதற்குச் சில வாரம் குளிர்ச்சி வேண்டும், பகல் வெப்பமே 25 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. நாகர்கோவிலில் மார்கழியில்கூடப் பகலில் அது கிடைப்பது கஷ்டம். இலை தளதளவென்று வருடக்கணக்கில் நிற்கும், பூ வராது. தெரிந்து வாங்கினால் சரி, இதை முதல் செடியாக வாங்கிவிட்டு நம் கைக்கு ஆர்க்கிட் வராது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், அடியைப் பார்க்கவேண்டும். டென்ட்ரோபியம் என்றால் குறைந்தது மூன்று நான்கு தண்டு, அதில் ஒன்றாவது புதிய குருத்து. தண்டைப் பிடித்து மெல்ல அசைத்தால் சட்டியோடு சேர்ந்து அசைய வேண்டும், தனியாக ஆடினால் வேர் இல்லை என்று அர்த்தம். இலையின் அடிப்பக்கத்திலும் கணுவிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி, வேண்டாம் என்று வைத்துவிட்டு வாருங்கள். விலை குறைவு என்று விரல் நீளத் திசு வளர்ப்புக் கன்றை வாங்கினால் பூப்பதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும், அந்தப் பொறுமை இருந்தால் வாங்கலாம். எதை வாங்கினாலும், வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் மற்ற செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

சட்டியும் அதற்குள் போடுவதும்

இந்த விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். மற்ற ஊர்க்காரர்கள் காசு கொடுத்து வரவழைக்கும் பொருள் நம் வீட்டுப் பின்புறத்திலேயே கிடக்கிறது: கதம்பல் (தேங்காய் மட்டை), சிரட்டைக்கரி, உடைந்த கூரை ஓடு. ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அந்தக் கதம்பல் கெட்டியானது, சீக்கிரம் மக்காது.

பச்சையாக உரித்த கதம்பலை அப்படியே போட்டுவிடக் கூடாது. இரண்டு அங்குலத் துண்டாக வெட்டோத்தியால் வெட்டி, வாளியில் போட்டு மூழ்க வையுங்கள். தண்ணீர் காப்பி நிறத்தில் வரும், அந்தக் கறை வேருக்கு ஆகாது. தினமும் தண்ணீரை மாற்றி, நிறம் தெளியும்வரை, மூன்று நாளோ ஐந்து நாளோ ஊறவிட்டு, வெயிலில் காயப்போடுங்கள். கயிறு ஆலையிலிருந்து கிடைக்கும் கதம்பல் உப்புக்காயல் தண்ணீரில் ஊறியதாக இருந்தால் எடுக்காதீர்கள், அல்லது இன்னும் பலமுறை கழுவுங்கள். கரியையும் கழுவித் தூளைப் போக்கிவிடுங்கள்.

மண்சட்டிதான் நல்லது, அடியிலும் பக்கத்திலும் ஓட்டை உள்ளது. சிறியதாக எடுங்கள். செடி சின்னதாக இருக்கிறதே, வளரட்டும் என்று பெரிய சட்டியில் வைத்தால் நடுவில் ஈரம் தங்கிவிடும். அடியில் கால்பங்கு ஓட்டுத்துண்டு, மேலே கரியும் செங்கல் துண்டும், கதம்பல் எவ்வளவு என்பது உங்கள் ஊரைப் பொறுத்தது. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் என்றால் கதம்பலே இல்லாமல் வெறும் கரியும் ஓடும் போதும், வேண்டுமானால் மேலே நான்கு துண்டு. ஆரல்வாய்மொழி, தோவாளை, கன்னியாகுமரி பக்கம் என்றால் பாதிக்குப் பாதி கதம்பல் வையுங்கள். அக்காவின் செடி பிழைத்தது இந்த ஒரு மாற்றத்தால்தான்.

நடுவதற்குச் சரியான நேரம், புதுக் குருத்தின் அடியில் பச்சை நுனியோடு வேர் எட்டிப்பார்க்கும் நேரம். பழைய சட்டியிலிருந்து எடுத்து, அழுகித் தோல் உரிந்த வேரை மட்டும் வெட்டுங்கள், கெட்டியான வெள்ளை வேரைத் தொடாதீர்கள். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் நெருப்பில் காட்டிவிட்டுத்தான் வெட்டவேண்டும். ஆர்க்கிட்டைத் தாக்கும் வைரஸ் நோய் பெரும்பாலும் கத்தி வழியாகத்தான் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், அதற்கு மருந்து கிடையாது. பழைய தண்டுப் பக்கத்தைச் சட்டியின் ஓரத்தோடு ஒட்டி, புதுக் குருத்துக்கு முன்னால் இடம் விட்டு வையுங்கள், ஏனென்றால் செடி அந்தத் திசையில்தான் நடந்து போகும். தண்டின் அடி வெளியே தெரிய வேண்டும், கரிக்குள் புதைந்துவிடக் கூடாது. ஆடாமல் ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டுங்கள், ஆடினால் புதுவேரின் நுனி உரசி நின்றுபோகும். வெட்டிய காயம் காய்வதற்காக மூன்று நான்கு நாள் தண்ணீர் ஊற்றாமல் நிழலில் வைத்திருங்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடி மாற்றினால் போதும்.

முற்றத்தில் மரம் இருந்தால் அதில் கட்டுவது இன்னும் எளிது. மா, பிலா, தென்னை எல்லாம் சரி. கொய்யா வேண்டாம், பட்டை உரிந்து விழும்போது செடியும் சேர்ந்து விழும். பழைய பருத்திப் புடவையின் கிழிசலை வைத்துக் கட்டுங்கள், அது மக்கி விழுவதற்குள் வேர் மரத்தைப் பிடித்திருக்கும். கிழக்குப் பக்கமாகக் கட்டினால் காலை வெயில் கிடைக்கும்.

வெளிச்சம்

டென்ட்ரோபியத்துக்குப் பாதி வெயில் வேண்டும், அதாவது 50 சதவீதம் நிழல் தரும் பச்சை வலைக்கு அடியில் கிடைக்கும் வெளிச்சம். தென்னந்தோப்பின் ஓலை நிழல் கிட்டத்தட்ட அதே அளவுதான். வீட்டுக்குள் சன்னலோரம் போதாது. காலை பத்து மணிவரை நேர் வெயில் பட்டால் நல்லதே.

இலையே சொல்லிவிடும். கரும்பச்சையாக, பளபளவென்று பார்க்க அழகாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, பூ வராது. கொஞ்சம் மஞ்சள் கலந்த இளம்பச்சைதான் சரி. மதியம் இலையைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால், மாசி மாதமாகவே இருந்தாலும், மேலே வலையை இழுத்துவிடவேண்டிய நேரம் வந்துவிட்டது. நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்குக் கொண்டுபோனால் இலை வெந்து வெள்ளைத் தழும்பு விழும், அது மாறாது.

தண்ணீர்

காலையில் ஊற்றுங்கள். அரைகுறையாகத் தெளிக்காமல், சட்டியின் அடியிலிருந்து வழியும்வரை ஊற்றிவிட்டு, பிறகு காயும்வரை விட்டுவிடவேண்டும். காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? சட்டிக்கு வெளியே தொங்கும் வேர் வெளுத்திருக்கும், சட்டியைத் தூக்கினால் எடை குறைந்திருக்கும், விரலைக் கரிக்குள் விட்டால் குளிர்ச்சி தெரியாது. மூன்றில் இரண்டு சரியாக இருந்தால் ஊற்றலாம். பங்குனி, சித்திரையில் இது தினமும் நடக்கும், ஆரல்வாய்மொழிக் காற்றில் காலையும் மாலையும்கூட வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் பத்து நாள் ஊற்றாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. தண்டு சுருங்கியிருக்கிறதே என்று பதறி ஊற்றாதீர்கள். வேர் அழுகினாலும் தண்டு சுருங்கும், தண்ணீர் போதாவிட்டாலும் சுருங்கும். வேரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடலோரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் சட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும், வேர் நுனி கருகும். மழைத்தண்ணீரைப் பிடித்து டிரம்மில் வைத்துக்கொள்ளுங்கள், கொசு புகாமல் துணி கட்டுங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இதைவிட நல்ல தண்ணீர் இல்லை. உப்புக்காற்று பலமாக அடித்த மறுநாள் காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

உரம் பற்றி நீட்டவேண்டியதில்லை. 19:19:19 என்று கேட்டால் தண்ணீரில் கரையும் தூள் தருவார்கள், லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை, ஏற்கெனவே நனைந்த வேரில் தெளிக்க வேண்டும். மாதத்தில் ஒரு வாரம் உரத்தை விட்டுவிட்டு வெறும் தண்ணீரால் சட்டியை நன்றாக அலசுங்கள். கடலைப்பிண்ணாக்குத் தெளிவு நன்றாக வேலை செய்கிறது என்று பலர் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் மழைக்காலத்தில் அது பூஞ்சையை அழைத்து வரும்.

இடவப்பாதிக்கு முன்னால்

மேற்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு வேலையைத் தள்ளிப்போடவே கூடாது. வைகாசி பிறந்ததும் செடிகளுக்கு மேலே ஒளி புகும் ஷீட் போடுங்கள், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். காற்று ஓடாமல் மூடிய கூரையும் மழையைப் போலவே கெடுக்கும். ஷீட் போட வசதி இல்லையென்றால் ஓட்டுக்கூரை இறவாரத்துக்கு உள்பக்கமாகத் தொங்கவிடுங்கள், ஆனால் சொட்டு விழும் கோட்டில் வேண்டாம். சட்டிக்குச் சட்டி ஒரு சாண் இடைவெளி கொடுங்கள். ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு ஷீட்டைவிடக் காற்றுத் தடுப்பு முக்கியம். அக்கா மேற்குப் பக்கம் வலையை இரட்டையாகக் கட்டி, கீழே ஒரு தட்டில் மணல் நிரப்பித் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறாள், அந்த ஈரம் செடிக்குப் போகிறது.

குருத்து நீர்கோத்துக் கறுத்துப்போனால் அது கருப்பழுகல், ஒரு நாளில் அடுத்த தண்டுக்கு ஏறிவிடும். நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். நெருப்பில் காட்டிய கத்தியால், நல்ல பச்சைத் திசு தெரியும்வரை கீழே இறங்கி வெட்டி எறியுங்கள். செடியைக் காயவிட்டு, மெட்டலாக்சிலும் மேன்கோசெப்பும் கலந்த பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு தெளியுங்கள். உரக்கடையில் தாமிரம் கலந்த மருந்தைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், டென்ட்ரோபியத்துக்குத் தாமிரம் ஆகாது, இலை உதிர்ந்துவிடும்.

நத்தை மழைக்காலத்தில் கண்டிப்பாக வரும். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் வேர் நுனியில் இருக்கும், மொட்டு என்றால் அதற்கு இன்னும் இஷ்டம். வெள்ளரித் துண்டை ஒரு ஓட்டுக்கு அடியில் வைத்தால் காலையில் அங்கே கூடியிருக்கும், எடுத்து அப்புறப்படுத்தலாம். சட்டியில் உப்பைப் போட்டுவிடாதீர்கள். எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறினால் எங்கோ மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, வெயில் சாய்ந்த பிறகு வேப்பெண்ணெய் 5 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர், சில சொட்டுத் திரவ சோப்பு என்று கலக்கித் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம்.

பூ விட்டபின்

தண்டு நுனியில் இலைக்கு நடுவே பச்சையாக ஒரு முனை கிளம்பினால் பூங்காம்பு. அன்றிலிருந்து சட்டியைத் திருப்பவோ இடம் மாற்றவோ வேண்டாம், காம்பு வெளிச்சத்தைப் பார்த்து வளர்ந்துகொண்டிருக்கும், திருப்பினால் பூக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். பூத்து முடிந்ததும் காம்பை மட்டும் வெட்டுங்கள். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டை வெட்டவே கூடாது. அதுதான் செடியின் சேமிப்பு, புதுக் குருத்துக்குச் சாப்பாடு அதிலிருந்துதான் போகிறது, சில சமயம் அதிலேயே மறுபடி பூ வரும். சில கணுக்களில் வேரோடு குட்டிச்செடி முளைக்கும், வேர் இரண்டு மூன்று அங்குலம் வரட்டும், அப்புறம் பிரித்துத் தனியே நடலாம்.

கடைசியாக, காட்டுச் செடி. கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போகும்போது மரத்தில் தொங்குவதைப் பார்த்து ஆசை வரும், எனக்கும் வந்திருக்கிறது. எடுக்காதீர்கள். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் செடியைப் பறிப்பது குற்றம். அதைவிட, ஆர்க்கிட் விதை தூசிபோன்றது, அதற்குள் முளைக்கத் தேவையான உணவே கிடையாது, சரியான பூஞ்சை வந்து சேர்ந்தால்தான் முளைக்கும். நாம் பிடுங்கும் ஒரு செடிக்குப் பதில் இன்னொன்று வர எத்தனையோ வருடம் ஆகும்.

ஆனால் ஊருக்குள் பழைய மாமரமோ அயனியோ வெட்டுகிறார்கள் என்றால் உடனே போய்ப் பாருங்கள். தடித்த இலையோடு, வெள்ளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் நிறைந்த பூ நரிவால்போலத் தொங்கும் செடி அதில் இருக்கலாம். அசாமில் பிகு பண்டிகைக்குப் பெண்கள் தலையில் வைக்கும் கொபௌ பூ இதே இனம்தான், அந்த மாநில மலரும் அதுதான். இங்கே அது மரத்தோடு சேர்ந்து விறகாகப் போய்விடுகிறது. மரத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டு, வேர் பிடித்திருக்கும் பட்டையோடு சேர்த்து எடுத்து வந்து, அன்றைக்கே உங்கள் வீட்டு மரத்தில் கட்டிவிடுங்கள். முதல் ஒரு மாதம் காலையில் நனைத்தால் போதும், இடவப்பாதி தொடங்கிவிட்டால் அதுவும் வேண்டாம்.